நிலைமை கட்டுப்பாட்டில் இருக்கிறது

சிரிங்க சார், பரவாயில்ல. அந்த இடத்துல எல்லாரும் சிரிப்பாங்க. பின்னால சூறாவளி வந்து பெட்ரோல் பங்கையே தூக்குது, இந்த மேயர் கோட்டு பட்டனைப் போட்டுக்கிட்டு 'எக்காரணம் கொண்டும் விழாவை நிறுத்த முடியாது'ங்கறார். பஸ்ல போடறதுக்கு இவங்களுக்கு வேற படமே கிடைக்கல போல. நான் ஏன் சொல்றேன்னா, அந்த மேயருக்குத் தமிழ்ல பேசியிருக்கறது நான்தான்.

நம்ப முடியலல்ல? வெளியில பேசும்போது என் குரல் இப்படித்தான், மூக்கடைச்ச மாதிரி இருக்கும். மைக் முன்னாடி நின்னா வேற. அடிவயித்துலேர்ந்து வரும். என் சம்சாரம் விசாலமே ஆரம்பத்துல நம்பல. பேரு கனகசபாபதி. இருபத்தாறு வருஷமா டப்பிங்.

இந்த மாதிரிப் படங்கள் எல்லாம் அமெரிக்காவுல டிவிக்குன்னே எடுக்கறது சார். தியேட்டர் பக்கமே போகாது. ஊரே ஓடுதும்பாங்க, எண்ணிப் பார்த்தா ஒன்பது பேர்தான் ஓடுவாங்க. புயல்னு கதாநாயகன் கத்துவான், பின்னால மரத்துல இலை அசையாது. பனி விழுந்து ஆளு உறைஞ்சு போறான்னு காட்டுவாங்க, அவன் வாயிலேர்ந்து ஆவிகூட வராது. நம்ம சேனல்ல 'கொலைகார ஆலங்கட்டி'ன்னு ஏதாவது பேர் வெச்சு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போட்டுடுவாங்க. கதை எல்லாம் ஒண்ணுதான். விஞ்ஞானி ஒருத்தன் வந்து 'பெரிய ஆபத்து வருது, ஊரைக் காலி பண்ணுங்க'ம்பான். மேயர் கேக்க மாட்டார். அம்பதாவது நிமிஷத்துல மேயர் செத்துப் போவார். நாப்பத்தி மூணு படத்துல அந்த மேயர் நான். ஒரு படத்துல கவர்னர், ரெண்டுல ராணுவ அதிகாரி. ஆனா வேலை ஒண்ணுதான், நம்ப மாட்டேங்கறது. விஞ்ஞானிக்கு ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்ல. கேட்டுப் பார்த்தேன். 'உங்க குரல்ல பயம் வராது சார்'னுட்டாங்க. எனக்கு அது பெருமையாத்தான் இருந்துச்சு.

நீங்க தூங்கணும்னா தூங்குங்க. இல்லையா? சரி, அப்ப சொல்றேன். ஒரு விஷயம் சொல்லணும்.

நாங்க இருக்கறது மெட்ராஸுக்கு வெளியில, ஏரிக்குக் கீழ புதுசா போட்ட நகர். ஏரிக்குக் கீழன்னு வாங்கும்போது யாரும் சொல்லல. காத்து நல்லா வரும்னு சொன்னாங்க. நாங்க முதல் மாடி. எதிர் வீட்ல எமிலி டீச்சர், கீழ் வீடு. அவங்க வீட்டுக்காரர் லூர்துசாமி சார் போஸ்ட் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து மூணு வருஷமா படுக்கை. ஆனா மூளை தெளிவு. நான் ஜன்னல் பக்கம் போனா இடது கையைத் தூக்கிக் காட்டுவார்.

அந்த வருஷம் மழை மூணு நாளா விடல. நாலாவது நாள் காலையில கொஞ்சம் தெளிஞ்சுது. ஆனா தெருவுல ஒரே பேச்சு, ஏரி நிரம்பிடுச்சாம், திறக்கப் போறாங்களாம், திறந்துட்டாங்களாம்னு. ரெண்டு மூணு குடும்பம் மூட்டை கட்ட ஆரம்பிச்சாச்சு. நம்ம நகர் சங்கச் செயலாளர் நரசிம்மலுன்னு ஒருத்தர், அவர் மாடியேறி வந்தார்.

"சார், ஜனங்க பதறுது. எல்லாரும் ஒரே நேரத்துல வண்டியை எடுத்தா அந்த ஒத்தை ரோடு அடைச்சுக்கும். வாட்ஸ்அப் குரூப்ல போட ரெண்டு வார்த்தை பேசி அனுப்புங்க. பயப்படாதீங்கன்னு சொன்னா போதும். உங்க அந்தக் குரல்ல சொல்லுங்க சார்."

அவர்தான் கேட்டார். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. நானா போய்ப் பேசல.

வீட்ல எதிரொலி அடிக்கும், அதனால பீரோ கதவைத் திறந்து புடவைங்க நடுவுல தலையை விட்டுக்கிட்டுப் பேசினேன். முதல் தடவையே நல்லாத்தான் வந்துச்சு. அனுப்பியிருக்கலாம். எனக்குத் திருப்தி இல்ல. ரெண்டாவது தடவை பேசினேன். மூணாவது தடவை பேசும்போது வாக்கியம் தானா வந்துச்சு சார். 'பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. யாரும் பதற்றப்பட வேண்டாம். நீர்வரத்து தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது. நிலைமை முழுக்க முழுக்கக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வதந்திகளை நம்பி வீட்டை விட்டு வெளியேற வேண்டாம்.'

நான் அதிகாரின்னு எங்கேயும் சொல்லல. பேர் சொல்லல, ஆபீஸ் சொல்லல. இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க, சொல்லியிருக்க மாட்டேன்.

நரசிம்மலு அதை வாங்கி எங்க குரூப்ல போடாம, பக்கத்து நகர் குரூப் எல்லாத்துலயும் போட்டுட்டார். முக்கால் மணி நேரத்துல அது சுத்திக்கிட்டு எனக்கே வந்துச்சு. என் மச்சினன் அனுப்பறான், 'அதிகாரியின் அவசர அறிவிப்பு'ன்னு மேல எழுதி. நான் உடனே என்ன பண்ணியிருக்கணும்? ஃபோனைப் போட்டு டேய், அது நான்டான்னு சொல்லியிருக்கணும். நான் விசாலத்தைக் கூப்பிட்டு, "இதைக் கேளு, யாரு குரல் சொல்லு"ன்னேன். சிரிச்சுக்கிட்டே. அவ கேட்டுட்டு, "ஏங்க, இதை நிஜம்னு நினைச்சுக்கப் போறாங்க"ன்னா. "நினைச்சா நல்லதுதானே, ரோடு அடைக்காது"ன்னேன்.

அப்ப பால்கனியில நின்னேன் சார். எமிலி டீச்சர் வீட்டு வாசல்ல ஒரு வேன் நிக்குது. பின் கதவு திறந்திருக்கு. டிரைவர் உள்ள மெத்தையை விரிச்சுட்டான். டீச்சர் ஒரு கையில மருந்துப் பை, ஒரு கையில ஃபோன். ஃபோனைக் காதுல வெச்சுக் கேட்டுக்கிட்டே நிக்கறாங்க. முடிஞ்சுது. இன்னொரு தடவை கேட்டாங்க. அப்புறம் டிரைவர்கிட்ட ஏதோ சொன்னாங்க. அவன் மெத்தையைச் சுருட்டி உள்ள கொடுத்துட்டு வேனைத் திருப்பிக்கிட்டுப் போனான்.

நான் அதைப் பார்த்தேன். மேலேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். என் மனசுல அப்ப என்ன ஓடுச்சு தெரியுமா? என் குரலுக்கு இவ்வளவு மதிப்பான்னு ஓடுச்சு.

பன்னெண்டு மணி இருக்கும். தண்ணி லாரி ஓட்டற ஏகாம்பரம் இடுப்பு வரைக்கும் நனைஞ்சு தெருவுல ஓடி வந்தான். "ஏரி நிரம்பிக் கலங்கல் மேல தண்ணி வழியுது, கரை கசியுது, நான் கண்ணால பார்த்தேன், கிளம்புங்க, கிளம்புங்க"ன்னு ஒவ்வொரு கேட்டா தட்டறான். ஜனங்க அவன் முன்னாடி ஃபோனை நீட்டினாங்க. "அதிகாரியே சொல்லிட்டாருப்பா. வதந்தி பரப்பாத." அவன் ஃபோனைக் கேட்டான். கேட்டுட்டு அவனுக்கே சந்தேகம் வந்துடுச்சு சார், தான் பார்த்தது சரியான்னு. தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போயிட்டான்.

ஒண்ணரை மணிக்கு சாக்கடை மூடியெல்லாம் எழும்பிச்சு. முதல்ல கறுப்புத் தண்ணி. அப்புறம் செம்மண் தண்ணி. படத்துல காட்டற மாதிரி சுவர் மாதிரி எழும்பி வரல. சத்தமே இல்ல. படி ஒண்ணு மறைஞ்சுது, அப்புறம் இன்னொண்ணு. அரை மணி நேரத்துல நெஞ்சளவு.

நான் இறங்கினேன் சார். அதையும் சொல்லணும். எனக்கு நீச்சல் தெரியாது, இருந்தாலும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். நானும் இன்னும் ரெண்டு பேரும். லூர்துசாமி சாரை வெளியில கொண்டு வர முடியல, வாசல் கேட் பக்கத்துல தண்ணியோட இழுப்பு அப்படி. கட்டில் மேல சாப்பாட்டு மேஜையைத் தூக்கிப் போட்டு, அதுக்கு மேல அவரைப் படுக்க வெச்சோம். தண்ணி அங்கேயும் ஏறிச்சு. டீச்சர் ஸ்டூல் மேல நின்னு அவர் தலையை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் காலைப் பிடிச்சுக்கிட்டேன். மூணு மணி நேரம். மத்த ரெண்டு பேரும் ஆள் தேடிப் போயிட்டாங்க. நாங்க மூணு பேர்தான்.

டீச்சர் அழல. ஒரே விஷயத்தைச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. "அந்த ஆபீசர் கட்டுப்பாட்டுல இருக்குன்னு சொன்னாரே சார். வேனை அனுப்பிட்டேனே சார். எவ்வளவு தெளிவா சொன்னார்." அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நான் 'ஆமா டீச்சர்'னேன். வேற என்ன சொல்ல? தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அப்ப அதைச் சொல்ல முடியுமா? நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா? லூர்துசாமி சார் என்னையே பார்த்துக்கிட்டிருந்தார். அவருக்குப் பேச வராது.

சாயங்காலம் மீனவருங்க படகு கொண்டு வந்து எடுத்தாங்க. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில அவர் போயிட்டார். நுரையீரல்ல தண்ணின்னாங்க.

தண்ணி வடிஞ்சு வீட்டைக் கழுவி முடிச்சதும் நரசிம்மலு வந்தார். "நீங்களும் சொல்ல வேண்டாம், நானும் சொல்லல. செத்தவர் திரும்பியா வரப் போறார்"னு ரகசியமா சொன்னார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. டீச்சருக்கு எதுக்கு வீணா இன்னொரு வேதனைன்னு நினைச்சேன். ஆமா சார், டீச்சருக்காகத்தான்னு நினைச்சேன். விசாலம் மட்டும் அன்னையிலேர்ந்து என் படம் ஓடினா டிவியை நிறுத்திடுவா. நான் நிறுத்தல. போன வாரம்கூட ஒரு மேயர் பேசிட்டு வந்தேன். வேற எனக்கு என்ன தெரியும்?

ஒரு மாசம் கழிச்சு டீச்சர் எங்க வீட்டுக்கு ஏறி வந்தாங்க. வெள்ளைப் புடவை. ஃபோனை என் முன்னாடி வெச்சாங்க.

"சார், நீங்க குரல் தொழில்ல இருக்கறவர். இது யார் பேசினதுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்க கேட்டா ஏதாவது பிடிபடுமா?"

போட்டாங்க. நான் என் வீட்டு சோபாவுல உட்கார்ந்து கேட்டேன். விசாலம் காப்பி டம்ளரோட உள்வாசல்ல நிக்கறா. முடிஞ்சதும் நான் கண்ணை மூடிக்கிட்டு, யோசிக்கற மாதிரி... அதான் சார், யோசிக்கற மாதிரி நடிச்சேன். "பயிற்சி இருக்கற குரல் டீச்சர். மேடையில பேசிப் பழக்கப்பட்ட ஆளா இருக்கும்"னேன். அவங்க அதை நோட்டுல எழுதிக்கிட்டாங்க. பயிற்சி இருக்கற குரல்னு. நான் சொன்னதுல பெருமை இருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கும் யோசிக்கறேன். இருந்துச்சுன்னுதான் நினைக்கறேன்.

அந்த வார்த்தையை வெச்சுத்தான் டீச்சர் ஆளைத் தேடினாங்க. நிவாரண அரிசி கொடுக்கறப்ப ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருத்தர் மைக்ல பேசியிருக்கார். குமரகுருபரன்னு பேர். நல்ல கனமான குரல். அவர்தான்னு டீச்சருக்குத் தோணிடுச்சு. மனு போட்டாங்க. ஒண்ணு போட்டா விடற ஆள் இல்ல அவங்க, முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவங்க. பதினோரு மனு. விசாரணைன்னு அவரை வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சுட்டாங்க. விசாரணைக்குத் துணையா வாங்கன்னு டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. "குரல் தெரிஞ்சவர் பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியம் சார்."

போனேன். போகாம இருந்தா சந்தேகம் வரும்னு போனேன்.

சின்ன ரூம். விசாரிக்கற அம்மா ஒருத்தங்க, மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அந்த மனுஷன். மடியில ஒரு துணிப்பை வெச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டிருக்கார். "மேடம், அன்னிக்கு எங்க வீட்லயே தண்ணி மேடம். எனக்கே எதுவும் தெரியாது. நான் எப்படி அறிவிப்புக் கொடுப்பேன்"ங்கறார். டீச்சர் அவரைப் பார்க்கவே இல்ல. சுவரைப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

அந்த அம்மா ஒரு காகிதத்துல அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்து, ஒத்துப் பார்க்கணும், படிங்கன்னாங்க. ஃபோன்ல பதிவு பண்ணறாங்க. அவர் படிச்சார். 'பொது மக்களுக்கு... ஓர் அறிவிப்பு. யாரும் பதட்டப்பட... பதற்றப்பட வேண்டாம்.' மூச்சு எங்க விடறதுன்னு தெரியல. 'நிலைமை முழுக்க'ன்னு நிறுத்திட்டு, 'முழுக்கக் கட்டுப்பாட்டில்'னு சேர்த்துப் படிக்கறார். அந்த அம்மா, "இன்னொரு தடவை, தெளிவா"ன்னாங்க. மறுபடியும் அதே இடத்துல நிறுத்தறார். மூணாவது தடவையும்.

நான் சொன்னேன், "அப்படி இல்ல சார். 'முழுக்க முழுக்க' ஒரே மூச்சுல வரணும். 'கட்டுப்பாட்டில்'லதான் அழுத்தம்"னு.

வாயை மூடியிருக்கலாம். மூடல. சொல்லிக் காட்டினேன். 'நிலைமை முழுக்க முழுக்கக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.' அந்தக் குரல்ல சார். அடிவயித்துலேர்ந்து.

அந்த அம்மாவோட ஃபோன் அதையும் பதிவு பண்ணிடுச்சு.

இதை நான் யார்கிட்டயும் இப்படிச் சொன்னதில்ல. தெருவுல எல்லாரும், 'கனகசபாபதி மனசாட்சிக்குப் பயந்து தானா முன்வந்து ஒத்துக்கிட்டார், ஒரு அப்பாவியைக் காப்பாத்திட்டார்'னு சொல்றாங்க. அந்தக் குமரகுருபரன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "நீங்க மட்டும் வரலேன்னா என் கதி"ன்னு அழுதார். நானும் ஆமான்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னு நான் வாயைத் திறக்கல சார். அவர் தப்பாப் படிச்சார். அது எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான்.

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தாங்க. "முழுசா ஒரு தடவை சொல்லுங்க"ன்னாங்க. முழுசா சொன்னேன். கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டாங்க. எந்திரிச்சு அந்த மனுஷன்கிட்ட, "மன்னிச்சுக்கங்க சார், என் தப்பு"ன்னாங்க. அவங்க மன்னிப்புக் கேக்கறாங்க சார். கேட்டுட்டு, என்கிட்ட ஒண்ணும் சொல்லாம பஸ் ஏறிப் போயிட்டாங்க. என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ரெண்டு தடவை கூப்பிட்டு எழுதி வாங்கினாங்க, எச்சரிச்சு விட்டாங்க. அதோட சரி. குமரகுருபரனுக்கு வேலை திரும்பக் கிடைச்சுது.

அடுத்த ஆறு மாசம் டீச்சர் என் பக்கம் பார்க்கல. நான் பால்கனிக்கு வந்தா அவங்க ஜன்னலைச் சாத்தறதும் இல்ல. அங்க ஆள் நிக்கறதாவே அவங்களுக்குப் படல. அதான் பெரிசா இருந்துச்சு.

திரும்ப மழைக்காலம் வந்துச்சு. போன கார்த்திகையில ரெண்டு நாள் விடாம பேஞ்சுது. மூணாம் நாள் காலையில அவங்க வாசல்ல ஒரு கார். அவங்க தங்கச்சி வீட்டுக்காரர் வந்திருக்கார். டீச்சர் பூட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்துட்டு, நிமிர்ந்து என் பால்கனியைப் பார்த்தாங்க.

"சார், நீங்க கிளம்பலையா?"

விசாலம்தான் பின்னாலேர்ந்து, "எங்க டீச்சர் போறது"ன்னா.

"பின் சீட்ல இடம் இருக்கு. சீக்கிரம் வாங்க."

போனோம் சார். தங்கச்சி வீடு மேட்டுல இருக்கு, மாடி வீடு. மத்தியானம் எல்லாருக்கும் சேர்த்து இலை போட்டாங்க. அந்தத் தங்கச்சி நல்ல மாதிரி, கலகலன்னு பேசறவங்க. அவங்களுக்கு நான் எதிர் வீட்டு சார், அவ்வளவுதான் தெரியும். பரிமாறிக்கிட்டே பேசறாங்க, "நீங்களாவது முன்னாடியே கிளம்பி வந்தீங்களே சார். எங்க மாமா பாவம். எவனோ ஒரு பாவி ஃபோன்ல பேசி அவரைக் கொன்னுட்டான். ஏன்க்கா, அவன் யாருன்னு கண்டுபிடிச்சாங்களா இல்லையா?"

விசாலம் சோத்துலேர்ந்து கையை எடுத்துட்டா. நான் இலையைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

டீச்சர் ரசத்தைக் கரண்டியில கலக்கிக்கிட்டே சொன்னாங்க, "கண்டுபிடிச்சாச்சு. இப்ப சாப்பிடற நேரம், விடு." சொல்லிட்டு என் இலைக்கு வந்து ரசம் விட்டாங்க. "சாப்பிடுங்க சார்"னாங்க.

நான் சாப்பிட்டேன் சார். அப்பளம்கூட இன்னொண்ணு வாங்கிக்கிட்டேன்.